பனி பெய்த வீட்டின் மூன்றாவது ஆள்

1998 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 11 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வெள்ளவத்தையில் பனி கொட்டத் தொடங்கியது. காலி வீதியிலிருந்து கடற்கரைத் தண்டவாளத்துக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், 27/3 ஆம் இலக்க வீட்டின் மேல் மட்டும் அது கொட்டியது. வலப்பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு துகள்கூட விழவில்லை. இடப்பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் மறந்துபோய் விட்டிருந்த மிளகாய்ப் பாய் ஈரமாகவில்லை. நடுவிலிருந்த மதிலின் மேற்புறம் பாதி அகலத்துக்கு வெள்ளையாகவும் மீதிப் பாதி பழைய பாசியுமாக இருந்தது. எட்டு மணிக்குப் பனி நின்றபோது, அந்த வீட்டில் குடியிருந்த பாலேஸ்வரியின் மகள் கௌரி தன் பாடசாலை அடிமட்டத்தை முற்றத்தில் குத்தி அளந்தாள். நாலரை அங்குலம். கடற்கரைக் காகங்கள் பதினாறு வந்து மதிலில் வரிசையாக இருந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயின.

பாலேஸ்வரிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பனியை அவள் முதலில் கண்டது முற்றத்தில் அல்ல, குசினியில். முதல்நாள் மாலை அரைத்து வைத்த தோசைமா பொங்கவில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். ஈர மணல்போலக் கிடந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்தல் கட்டியாகிவிட்டிருந்தது. குழாயைத் திருகினால் ஒரு முனகல் மட்டும் வந்தது. பிறகுதான் பின்கதவைத் திறந்தாள். வெள்ளையாக நிறைந்து கிடந்த முற்றத்தைப் பார்த்து அவள் வியக்கவுமில்லை, பயப்படவுமில்லை. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று லொட்ஜுகளுக்கு ஏழு மணிக்குள் மா போயாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவுக்கும் சுவிசுக்கும் போக ஏஜென்சிக்காரனைப் பார்த்திருந்த சனம் நிறைந்த லொட்ஜுகள் அவை. அன்று போன மாவில் சுட்டதைக் கையில் பிடித்தபடி லொட்ஜ் மனேஜர் அழகுமுத்து அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னங்க இது, தோசையா அப்பளமா?" என்று கேட்டவர் முற்றத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. வெறுங்காலில் இரண்டு அடி வைத்துவிட்டு அலறிக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்தக் கிழமையில் மேலும் மூன்று தடவை பெய்தது. தை மாதம் பிறந்ததும் காற்றோடு வந்தது. கூரைத் தகடுகள் இரண்டைத் தூக்கி முன்வாசலில் போட்டது. கொடியில் காயப்போட்ட கௌரியின் வெள்ளைச் சட்டை மட்டையாக விறைத்துப்போய், மடித்தபோது கழுத்தடியில் முறிந்தது. அவள் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே இரண்டு கம்பளிச் சட்டையும் மாட்டி வகுப்புக்குப் போனாள். முப்பத்திரண்டு பாகை வெயிலில் வியர்த்து மயங்கி விழுந்தாள். வகுப்பாசிரியை காரணம் கேட்டபோது வீட்டில் பனிப்புயல் என்றாள். பொய் சொன்னதற்காக வெளியே நிற்கவைத்தார்கள். பாலேஸ்வரி புறக்கோட்டை நடைபாதைக்குப் போய், வெளிநாடு போகிறவர்களுக்கென்று விற்கும் பழைய குளிர்க்கோட்டுகள் இரண்டு வாங்கி வந்தாள். விடியற்காலையில் அதைப் போட்டுக்கொண்டு பனியை அள்ளிக் கொட்டுவாள். ஒழுங்கைக்கு இறங்கும்போது கழற்றி மதிலில் போடுவாள். திரும்பி வந்து மறுபடி போடுவாள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை இப்படிக் கழற்றிப் போட்டதில் கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போய்விட்டன.

வீட்டுச் சொந்தக்காரர் மஜீட் நானா மாளிகாவத்தையிலிருந்து வந்து பார்த்தார். ஏணி வைத்து ஏறினார், இறங்கினார், இன்னொரு தடவை ஏறினார்.

"தங்கச்சி, கூரைய ரெண்டு தரம் பாத்துட்டேன். காத்துல போன ரெண்டு தகட்டத் தவிர கூரையில ஒரு கொறையுமில்ல. அதுக்கு மேலதான் ஏதோ கொளறு" என்றார். "ஊட்ட உடுங்கோ எண்டு நான் சொல்லல்ல. இந்தக் காலத்துல ஒங்களுக்கு வேற ஊடு யார் தாரது? ஆனா எனக்கும் இது வெளங்கல்ல."

அள்ளிய பனியை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கரைச்சல். குப்பை வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இது தண்ணி, குப்பை இல்லை என்று போய்விட்டார். அவள் மாநகரசபைக் கந்தோருக்குப் போனாள். அங்கே, இது கட்டியாக இருப்பதால் வடிகால் பகுதிக்குச் சேராது, உருகிய பிறகு வாருங்கள் என்றார்கள். உருகிய பிறகு போனாள். இப்போது ஒன்றும் இல்லையே, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். லொட்ஜில் இருந்தவர்களுக்கோ அந்த முற்றம் பெரிய உதவியாகிவிட்டது. கனடாவுக்குப் போகக் காத்திருந்தவர்கள் விடிந்ததும் சப்பாத்தோடு வந்து பனியில் நடந்து பழகினார்கள். ஒருவர் குடும்பத்தோடு வந்து படமெடுத்து, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக ஊருக்கு அனுப்பினார். ஒருநாள் ஏழு பேர் கையைக் கோத்துக்கொண்டு வழுக்கி விழுந்து எழும்பிப் பழகியதில் கறிவேப்பிலைக் கன்று முறிந்தது. அன்று பாலேஸ்வரி தும்புத்தடியைத் தூக்கினாள். மறுநாள் கேற்றுக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் போட்டாள்.

காலடிகள் வரத் தொடங்கியது பூட்டுப் போட்ட மூன்றாம் நாள். முதலில் கண்டவள் கௌரி.

"அம்மா, ஆரோ வந்திருக்கினம்."

கேற்று பூட்டியபடி இருந்தது. கேற்றுக்கு உட்புறத்திலிருந்து தொடங்கிய காலடிகள் முன்வாசலுக்குப் போகாமல், பக்கத்துச் சந்தால் திரும்பி, குசினிக் கதவடி மட்டும் வந்து நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. வலது கால் நேராக விழுந்திருந்தது. இடது கால் சற்று வெளிப்புறம் திரும்பி, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பனியில் ஒரு கோடு இழுத்திருந்தது. பாலேஸ்வரி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். அவள் அழவில்லை என்று கௌரி பின்னாளில் சொன்னாள். அம்மாவின் முகம் சிவந்து, மாதாந்த லீவு நாளில் பிந்தி எழும்புகிற ஆளைப் பார்க்கிறபோது வருகிற கோபம் வந்ததாம்.

"வந்தால் கதவைத் தட்டக்கூடாதோ?" என்று காலடிகளைப் பார்த்துக் கேட்டாள் பாலேஸ்வரி.

அவளுடைய கணவர் தில்லைநாதன் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பெட்டி அடுக்கிலிருந்து விழுந்து இடது கணுக்கால் சரியாகப் பொருந்தாமல், காலை இழுத்து நடப்பவர். முன்வாசலால் வந்தால் சப்பாத்து மண் படும் என்று எந்நாளும் குசினிப் பக்கத்தால்தான் வருவார். 1996 ஆம் ஆண்டு ஆனி 18 ஆம் திகதி வேலை முடிந்து 101 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினார். தெஹிவளைப் பாலத்தடியில் சாதாரண உடுப்பில் நின்ற நாலு பேர் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டைகளைப் பார்த்து, அவரை இறக்கினார்கள். கூட வேலை செய்த வலன்ரைன் பின் இருக்கையில் இருந்து அதைக் கண்டார். பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு தில்லைநாதனை எவரும் காணவில்லை.

மறுநாள் காலை அவள் வலன்ரைனையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனாள். மேசையில் இருந்த சார்ஜன் பேனையை எடுக்கவே இல்லை. அப்படி ஒருவரை எவரும் பிடிக்கவில்லை, பிடிக்காத ஆளைப் பற்றி எப்படி முறைப்பாடு எழுதுவது என்று சிங்களத்தில் விளக்கினார். அடுத்த கிழமை போனபோது, வெளிநாட்டுக்கு ஓடியிருப்பார் நோனா, இப்போது எங்காவது பனியில் நடந்துகொண்டிருப்பார் என்றார். அவள் காணாமற்போனோரை விசாரிக்கும் ஆணைக்குழுவுக்குப் போனாள். அவர்கள் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். பொலிஸ் எழுதமாட்டேன் என்கிறது என்றாள். எழுதாததை எழுத்தில் வாங்கி வாருங்கள் என்றார்கள். அளுத்கடையில் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டெழுத்து இயந்திரத்தோடு குந்தியிருக்கும் கொச்சிக்கடைக் கிளெமென்ற் அவளுக்காக இரண்டரை வருடத்தில் அறுபத்தொரு மனு அடித்துக் கொடுத்திருந்தார். நாற்பதாவது மனுவிலிருந்து அவள் சொல்வதைக் கேட்காமல் அவரே அடிக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுக்கு அவருக்குப் பாடமாகிவிட்டது.

அன்றிலிருந்து பனி பெய்த ஒவ்வொரு விடியலிலும் காலடிகள் வந்தன. பாலேஸ்வரி நாலரைக்கே எழும்பி, பொத்தானில்லாத கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு குசினிப் படியில் குந்தியிருந்து பார்த்தாள். கேற்றடியில் ஆளில்லை, நிழலில்லை. பனி மட்டும் ஓர் இடத்தில் அமுங்கும். பிறகு ஒரு கோடு இழுபடும். அடுத்த இடம் அமுங்கும். அடுத்தடுத்து வந்து, அவளுக்கு ஒரு முழ தூரத்தில் இரண்டு காலும் சேர்ந்து நிற்கும். படிக்கு இப்பால் பனி இல்லாதபடியால், அதற்குப் பிறகு உள்ளே வந்தாரா இல்லையா என்று சொல்ல வழியிருக்கவில்லை.

"எங்க வச்சிருக்கிறாங்கள் உங்களை?" என்று கேட்டாள். "சாப்பிட்டனீங்களோ? ஏன் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை? இரண்டரை வருசமாக் கந்தோர் கந்தோரா அலையிறன், எனக்கொரு சொல்லுச் சொல்லக்கூடாதோ?"

வலது கால் அசையவில்லை. இடது காலின் கீழ் பனி கொஞ்சம் ஆழமாக அமுங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆறி, குளிர்ந்து, மேலே ஏடுபோல ஐஸ் படிந்தது. கௌரிக்கு அப்பாவின் மேல் அம்மாவைவிடக் கோபம். முதல் மூன்று விடியலும் அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. நாலாம் நாள் காலடிகள் குசினிக் கதவுக்குப் போக முன்னர் சற்று விலகி, அவள் படுக்கும் அறை ஜன்னலடியில் நின்றிருந்ததைக் கண்டாள். அன்று பாடசாலைக்குப் போகவில்லை. யாரும் மிதிக்காதபடி அந்த இரண்டு காலடிகளின் மேல் ஒரு சுளகைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது உருகும் மட்டும் பக்கத்திலேயே இருந்தாள்.

மாசி மாதத்தில் நகரத்தின் எங்கோ ஒரு மூலையில் குண்டு வெடித்தது. மறுநாள் விடிய ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் அடைத்து வீடு வீடாகச் சோதித்தார்கள். அந்த நாட்களில் எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று தமிழர் எல்லாரும் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். 27/3 இல் பதிவு இரண்டு பேர். முற்றத்தில் மூன்று பேருடைய காலடி. பாலேஸ்வரியின் செருப்பு, கௌரியின் செருப்பு, ஆணொருவனின் ஒன்பதாம் இலக்கச் சப்பாத்து. கேற்றால் வந்தவன் வெளியே போகவில்லை என்பதைப் பனி தெளிவாகக் காட்டியது. கட்டிலைப் புரட்டினார்கள். அலுமாரியைக் குடைந்தார்கள். அரிசிப் பீப்பாவுக்குள் கம்பியை விட்டுக் குத்தினார்கள். மாச்சட்டிக்குள்ளும் ஒரு பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். பனி பெய்ததைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதியாத ஆளை வைத்திருந்த குற்றத்துக்குப் பாலேஸ்வரியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மேசையில் இருந்தவர் அதே சார்ஜன். வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது.

"மே கவுத?" என்று கேட்டார். யார் இந்த ஆள்?

"என்ர மனிசன்" என்றாள் அவள். பிறகு சிங்களத்திலும் சொன்னாள்.

"பெயர்?"

"தில்லைநாதன். நீங்கள் எழுதமாட்டன் எண்டு சொன்ன பேர்தான், மாத்தயா."

சார்ஜன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எழும்பி உள்ளே போய்ப் பொறுப்பதிகாரியான பெரியவரிடம் ஏதோ கதைத்தார். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. பெரியவருக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. வீட்டில் ஆள் இருந்தால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் பதிய வேண்டும், பதியாவிட்டால் வழக்கு என்று கத்தினார். மாலை ஐந்து மணிக்கு அவளைப் போகவிட்டார்கள். கையில் ஒரு படிவம் இருந்தது.

கிளெமென்ற் அந்தப் படிவத்தை இயந்திரத்தில் சுருட்டி ஏற்றிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஸிஸ், நான் முப்பது வருசமா மனு அடிக்கிறேன். ஆளைக் காணோம்னு அடிச்சிருக்கேன். ஆள் செத்துட்டார்னு அடிச்சிருக்கேன். ஆள் வர்றார், ஆனா தெரியல்லன்னு அடிச்சதில்ல. எங்கேருந்து வந்தார்னு கேட்டிருக்கு. என்ன போடுறது?"

"இரத்மலானையில இருந்து. 101 பஸ்ஸில."

"எதுக்கு வந்தார்?"

"இதென்ன கேள்வி? வீட்டுக்கு வாறதுக்கு."

கிளெமென்ற் அப்படியே அடித்தார். சார்ஜன் ஆளை நேரில் பார்க்காமல் முத்திரை குத்த முடியாது என்று நின்றார். மாசி 23 ஆம் திகதி விடியற்காலை பனி பெய்தபோது அவரே வந்தார். குசினிப் படியில் பாலேஸ்வரி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி, காலடிகள் கேற்றடியிலிருந்து வருவதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், பிறகு வேலை நேரம் என்று நினைத்தோ என்னவோ மறுபடி போட்டுக்கொண்டார். நாடாவை எடுத்துச் சப்பாத்தின் நீளத்தை அளந்தார். அடையாளம் என்ற இடத்தில், இடது கால் இழுபடும் என்று எழுதி முத்திரையைக் குத்தினார். இப்படியாக, எவரும் பிடிக்கவில்லை என்று சொல்லப்பட்ட தில்லைநாதன், வயது 46, வெள்ளவத்தை 27/3 ஆம் இலக்க வீட்டின் மூன்றாவது ஆளாகப் பதியப்பட்டார்.

அந்தப் படிவத்தின் பிரதியைப் பாலேஸ்வரி பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்தாள். இரண்டரை வருடத்தில் அவள் கணவரின் பெயருக்கு அரசாங்கம் முத்திரை குத்தியது அதில்தான். அந்தச் சந்தோசம் நாலு மாதம் நீடித்தது. ஆனியில் ஆணைக்குழுவிலிருந்து கடிதம் வந்தது. பொலிஸ் பதிவேட்டின்படி தங்கள் கணவர் தங்களோடு வசிப்பதாக அறிகிறோம், ஆகவே அவருடைய விசாரணைக் கோவை மூடப்படுகிறது, குடும்பம் ஒன்றுசேர்ந்ததில் மகிழ்ச்சி என்று இருந்தது. அவள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், மகிழ்ச்சி என்ற சொல்லை விரலால் காட்டி, இதை எழுதினது ஆர் என்று கேட்டாள். எழுதியவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். கணவர் வீட்டில் இருக்கிறபடியால் கௌரிக்குக் கிடைக்கவிருந்த உதவிப் பணமும் நின்றது. அதே கணவர் கையொப்பமிட நேரில் வராதபடியால் வங்கியிலிருந்த அவருடைய சேமிப்பையும் எடுக்க முடியவில்லை.

"பதிவை வெட்டச் சொல்லுங்கோ அம்மா" என்றாள் கௌரி. "வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வேற இடம் போவம். நான் சாகுமட்டும் பனி அள்ளேலாது. அவர் வந்து நிண்டு என்ன பிரயோசனம்? ஒரு வார்த்தை கதைக்கிறாரோ?"

"வெட்டினால் வாற மனிசனைப் பதியாத ஆள் எண்டு பிடிப்பாங்கள்."

"ஆரைப் பிடிக்கிறது? காலையோ?"

"ஒருக்காப் பிடிச்சவங்கள்தானே" என்றாள் பாலேஸ்வரி.

கௌரி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மார்கழி பிறந்ததும் பனி வந்தது, மாசியில் நின்றது. 1999 போய் 2000 வந்தது. தோசைமாவைப் பொங்கவைக்க, பானையைக் கம்பளியால் சுற்றி, பக்கத்து வீட்டுக் குசினியில் வைக்கப் பழகிக்கொண்டாள் பாலேஸ்வரி. வெயில் வீட்டிலிருந்து பனி வீட்டுக்குப் பானையைத் தூக்கிவந்து ஊற்றிக் கட்டவேண்டியிருந்ததால், எந்நேரமும் தடிமனும் இருமலுமாக இருந்தாள். அழகுமுத்து கணக்குத் தீர்க்க வரும்போதெல்லாம் இருமல் மருந்து கொண்டுவந்தார். லொட்ஜில் இருந்தவர்கள் கனடா போய்ச் சேர்ந்து, இங்கே உங்கட முற்றத்தைவிடக் குளிர் குறைவு என்று கடிதம் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் சார்ஜன் வந்து மூன்று பேரின் பதிவையும் புதுப்பித்து முத்திரை குத்தினார்.

2001 ஆம் ஆண்டு மார்கழியில் பனி வழமைபோல வந்தது. காலடிகள் வரவில்லை. பாலேஸ்வரி முதல் விடியலில் பொறுத்துக்கொண்டாள். ஐந்தாம் விடியலில் கேற்றுப் பூட்டைத் திறந்து வைத்தாள். பத்தாம் விடியலில் ஒழுங்கைக்கு இறங்கி, பனியில்லாத வெறுந்தரையில் குனிந்து தேடிப் பார்த்தாள். பத்தொன்பதாம் விடியலில், தை 6 ஆம் திகதி, முற்றம் முழுக்க ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தபோது, தன் மனிசனை இரண்டாம் தடவையும் யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. படியில் இருந்து எழும்ப முடியாமல் கௌரியைக் கூப்பிட்டாள். பதினேழு வயதுக் கௌரி வந்து முற்றத்தைப் பார்த்தாள். உள்ளே போய் உடுப்பை மாற்றி, பிளாஸ்ரிக் உறையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எழும்புங்கோ அம்மா. பொலிஸுக்குப் போவம்."

சார்ஜன் அவர்களைக் கண்டதும், பதிவு புதுப்பிக்க இன்னும் நாளிருக்கிறதே என்றார்.

"புதுப்பிக்க வரேல்லை" என்றாள் கௌரி. அவளுடைய சிங்களம் தாயினுடையதைவிடச் சுத்தம். "முறைப்பாடு எழுத வந்தனாங்கள். எங்கட வீட்டில பதிஞ்ச ஆளைக் காணேல்லை."

"நோனா..." என்று தாயைப் பார்த்தார் சார்ஜன்.

"உங்கட புத்தகத்தில இருக்கிற ஆள், மாத்தயா" என்றாள் பாலேஸ்வரி. "மூண்டு வருசமா நீங்களே முத்திரை குத்தின ஆள். இல்லாத ஆளெண்டு இப்ப சொல்லேலாது. இல்லாத ஆளெண்டால் நீங்கள் பொய்யாப் பதிஞ்சதாப் போயிடும்."

சார்ஜன் உறைக்குள் இருந்த பிரதியை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். உள்ளே பெரியவரின் கதவைப் பார்த்தார். அந்தக் கதிரையில் இப்போது வேறொரு பெரியவர். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இழுப்பறையைத் திறந்து, ஐந்தரை வருடத்துக்கு முன் எடுக்காத பேனையை எடுத்தார். முறைப்பாட்டுப் புத்தகத்தில் திகதியைப் போட்டார். பெயர் எழுதினார். வயது எழுதினார். இடது கால் இழுபடும் என்று எழுதினார்.

"கடைசியாகக் கண்டது எப்போது?"

"தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி பதினெட்டு. காலமை ஏழு மணிக்கு வேலைக்கு வெளிக்கிட்டவர்."

"அப்போ இந்த மூன்று வருடம்?"

"அது காலடி, மாத்தயா. ஆளைக் கண்டது அண்டைக்குத்தான்."

சார்ஜன் ஆனி 18 என்று எழுதினார். பின்னேரம் தெஹிவளைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தவர்கள் நாலு பேர் என்றாள் அவள். எழுதினார். கண்டவர் பெயர் வலன்ரைன் என்றாள். எழுதினார். ஒன்றே முக்கால் பக்கம் வந்தது. கீழே தாய் கையொப்பமிட்டாள். சாட்சியாக மகள் இட்டாள். முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு துண்டில் கிழித்துக் கொடுத்தபோது சார்ஜனின் முகத்தில் கோபம் இருக்கவில்லை. களைத்துப்போன ஆளின் முகமாக இருந்தது. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் பாலேஸ்வரி அழுதாள். பஸ்கள் மூன்று போன பிறகும் அவளால் ஏற முடியவில்லை. கௌரி அவளுடைய கைப்பையையும் துண்டையும் பிடித்தபடி வெயிலில் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் காலடிகள் வந்தன.

"இப்பதான் வாறியளோ?" என்று கத்தினாள் பாலேஸ்வரி. "நேற்றுப் பொலிஸில எழுதிப்போட்டு வந்திருக்கிறன்! இருபது நாளா எங்க போனனீங்கள்?"

உள்ளேயிருந்து ஓடிவந்த கௌரி, பனியில் நின்ற இரண்டு காலையும் அவற்றின் முன்னால் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்த தாயையும் கண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் ஐந்தரை வருடத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு என்று பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு அப்பாலிருந்து சொன்னார்.

பாலேஸ்வரி நேர்மையான பெண். பத்து மணிக்குப் போய் சார்ஜனிடம் விசயத்தைச் சொன்னாள். அப்படியானால் முறைப்பாட்டை வெட்டிவிடட்டுமா என்று ஆவலோடு கேட்டார் அவர்.

"வேண்டாம். அதுவும் இருக்கட்டும்."

"வீட்டில் இருக்கிற ஆள் எப்படிக் காணாமற்போன ஆளாகவும் இருக்கிறது?"

"அதை நான் உங்களட்டையெல்லோ கேட்கவேணும்" என்றாள் பாலேஸ்வரி.

இரண்டு புத்தகத்திலும் தில்லைநாதனின் பெயர் நின்றது. ஒன்றில் அவர் வசிப்பவர், மற்றதில் காணாமற்போனவர். இரண்டுக்கும் முத்திரை உண்டு. ஆணைக்குழு முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு கோவையை மறுபடி திறந்தது. திறந்த கோவையில் அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. சமாதானப் பேச்சு நடந்த வருடங்களில் ஒழுங்கை முனைக் காவலரணிலிருந்த மணல் மூட்டைகளை எடுத்தார்கள். பனியை யாராலும் எடுக்க முடியவில்லை. மஜீட் நானா மௌத்தாகி, வீடு அவருடைய மகள் பஹ்மியாவுக்குப் போனது. அவள் கூரையைப் பார்க்க ஏணி வைக்கவில்லை, வாப்பா சொல்லியிருந்தாராம். பேச்சு முறிந்ததும் மணல் மூட்டைகள் திரும்பி வந்தன. நிறுத்தியிருந்த பதிவும் திரும்பி வந்தது.

2007 ஆம் ஆண்டு தை மாதத்தில், சார்ஜன் ஓய்வு பெற்றுப் போன பிறகு, புதிதாக வந்த இளம் அதிகாரி ஒருவர் படிவங்களோடு ஒழுங்கைக்குள் வந்தார். கேற்றடியில் பனி முழங்காலுக்குக் கீழ் வரை இருந்தது. அவர் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கௌரி படியில் நின்று பதில் சொன்னாள்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"மூண்டு பேர்."

"மூன்றாவது ஆள் எங்கே?"

"அப்பா. தொண்ணூற்றாறில காணாமற்போனவர். விடிய ஐந்து மணிக்கு வருவார்."

அதிகாரி படிவத்தில் அதை அப்படியே எழுதினார். தன் சப்பாத்துகளைப் படியில் தட்டி, ஓரமாகப் பனியில் இழுபட்டுக் கிடந்த காலடிக் கோட்டை மிதிக்காமல் தாண்டி, அடுத்த வீட்டுக்குப் போனார்.